சேலத்துச் சமவெளியில் அச்சேறிய இதழ்கள்: வகுப்பறைக்கு ஓர் உள்ளூர் வரலாறு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டத்தை நடத்தும்போது 'தி இந்து', 'சுதேசமித்திரன்' என்ற இரண்டு பெயர்களைக் கரும்பலகையில் எழுதாமல் பாடம் நகர்வதில்லை. பக்கத்தில் 1878, 1882 என்று ஆண்டுகளையும் எழுதிப் போடுகிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் சொல்லாமலே இன்னொன்றும் அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. பத்திரிகை என்பது சென்னையில் அச்சாகி நம் ஊருக்கு வந்து சேர்வது. எழுதுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், படிக்கிறவர்கள் இங்கே இருக்கிறோம் என்ற எண்ணம் அது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பணியாற்றும் நமக்கு இந்த எண்ணத்தை மாற்றக் கைவசம் நல்ல சான்றுகள் உண்டு. 'தி இந்து' தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1877இல், சேலத்தில் ஒரு தமிழ் இதழ் வெளிவந்துவிட்டது.

தொடங்குமுன் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இக்கட்டுரையில் பேசப்படும் காலத்தின் பெரும்பகுதியில் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் மாவட்டம்தான். தருமபுரி 1965இல் பிரிந்தது. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது. ஆகவே பழைய நூல்களில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால், அது நம் பள்ளி இருக்கும் ஊராகவும் இருக்கலாம்.

பெயரிலேயே சேலத்தைச் சுமந்தவர்

சேலம் 1866இல் நகராட்சியானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை சேலத்தைத் தொட்டிருந்தது. தபாலும் சென்னைப் பத்திரிகைகளும் விரைவாக வரத் தொடங்கின. வரி, சாலை, குடிநீர், நீதிமன்றம் என்று ஊருக்குப் பேச விஷயங்களும் இருந்தன.

இந்தச் சூழலில் 'சேலம் சுதேசாபிமானி' என்ற இதழைத் தொடங்கியவர் சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922). 'சே' என்பது சேலம், 'ப' என்பது பகடாலு. பின்னர் அவர் கோயம்புத்தூருக்குச் சென்றுவிட்டார். அங்கே 1879இல் 'கோயமுத்தூர் அபிமானி', 1881இல் 'கோயமுத்தூர் கலாநிதி' என இதழ்கள் நடத்தினார், அச்சகம் வைத்தார், ஏராளமான நூல்கள் எழுதினார், வட இந்தியப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் தமிழ்ப் பயண இலக்கியத்தில் முன்னோடி. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவரும் அவரே. கோவைக்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். பெயரின் முதலெழுத்து நம்முடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்களைத் தேடப் புகுந்தால் பெயரும் ஆண்டும் கிடைக்கும் அளவுக்கு இதழ்ப் பிரதிகள் கிடைப்பதில்லை. இதில் மாணவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்திய மொழி இதழ்களில் என்ன எழுதுகிறார்கள் என்று ஆங்கில அரசு கண்காணித்து வந்தது. அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் இதழ்களைப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, அறிக்கையாக அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். பல இதழ்கள் செல்லரித்துப் போய்விட்டன. கண்காணித்தவர்களின் அறிக்கைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஓர் இதழ் என்ன சொன்னது என்பதை, அதைச் சந்தேகித்தவர்களின் வாய்வழியே கேட்க வேண்டிய நிலை. முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று ஒன்பதாம் வகுப்பில் விளக்கப் படாதபாடு படுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கலைச்சொல்லுக்கு ஓர் இதழ்

1916இல் சேலத்தில் ஒரு சங்கம் தோன்றியது. பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். பரிபாஷை என்றால் இன்று நாம் சொல்லும் கலைச்சொல். இயற்பியல், வேதியியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களைத் தமிழில் ஆக்குவது அதன் வேலை. முன்னின்றவர்கள் அப்போது சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையர் என்பவரும். அதற்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

புதுச்சேரியில் இருந்த பாரதியார் இம்முயற்சியை வரவேற்று எழுதினார். கூடவே ஒரு குறையையும் சுட்டினார்: தமிழ்ச் சொல் சேர்க்கும் பத்திரிகையை ஆங்கிலத்தில் ஏன் நடத்த வேண்டும், தமிழிலேயே நடத்தலாமே என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அன்று அறிவியல் படித்தவர்கள் அனைவரும் அதை ஆங்கிலத்தில் படித்தவர்கள். அவர்களை அவர்கள் அறிந்த மொழியிலேயே அழைத்துத் தமிழுக்குக் கொண்டுவரலாம் என்று சங்கத்தார் எண்ணியிருக்கக்கூடும். தமிழ்வழி வகுப்பில் அறிவியல் நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில்தான் தினமும் நிற்கிறார். 'விசை' என்று சொல்லிவிட்டு, புரியவில்லையோ என்ற ஐயத்தில் 'ஃபோர்ஸ்' என்றும் சொல்லிவைக்கிறோம் அல்லவா?

ராஜாஜி இந்தத் தடத்தை விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்று வேதியியலுக்கே ஒரு தமிழ் நூல் எழுதினார். தலைப்பில் திண்ணையும் ரசாயனமும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். அறிவியல் ஆசிரியர்கள் பள்ளி நூலகத்துக்குத் தேடிப் பிடிக்க வேண்டிய நூல்.

ஒரு சாப்பாட்டுப் பந்தி செய்தியானபோது

டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு இராசிபுரத்தில் 1887இல் பிறந்தவர். மருத்துவம் பார்த்தவர், மேடைப் பேச்சாளர், பலமுறை சிறை சென்றவர். 1918இல் மதுரையில் பேசிய பேச்சுக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. அவர் சேலத்திலிருந்து நடத்திய வார இதழின் பெயர் 'தமிழ்நாடு'. இந்தப் பெயர் அரசின் ஏடுகளில் ஏறப் பல பத்தாண்டுகள் இருந்த காலத்தில், ஒரு வார இதழின் முகப்பில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. பின்னர் இதழ் சென்னைக்குச் சென்று நாளிதழாயிற்று.

'தமிழ்நாடு' இதழை ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டிய காரணம் வேறு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் நிதியும் பொதுமக்களின் நன்கொடையும் அதற்குச் சென்றன. பல சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படித்த அங்கே, பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் உணவு தனியாகப் பரிமாறப்பட்டது. 1924–25இல் இது தமிழகம் முழுவதையும் உலுக்கிய விவாதமாயிற்று. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். நாயுடுவின் 'தமிழ்நாடு' அந்த எதிர்ப்பின் முக்கியக் குரலாக இருந்தது. சேரன்மாதேவி நிகழ்வு பாடநூலில் இருக்கிறது. அதைப் பேசிய இதழின் பெயரையும், அதை நடத்தியவரின் ஊரையும் நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலை உணவையும் மதிய உணவையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் நம் பிள்ளைகளுக்கு, இந்த வரிசை ஒரு காலத்தில் பத்திரிகைகள் சண்டையிட்ட விஷயம் என்று தெரிந்தால் பாடம் வேறு மாதிரி கேட்கும்.

இதே இதழில் துணையாசிரியராகப் பயிற்சி பெற்றவர் தென்காசிக்காரரான டி.எஸ். சொக்கலிங்கம். அவர் பின்னர் 'காந்தி' என்ற மலிவு விலை இதழை நடத்தினார். 1933இல் 'மணிக்கொடி'யைத் தொடங்கிய மூவரில் ஒருவரானார். 1934இல் 'தினமணி' தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் அவரே. வரதராஜுலு நாயுடு 1932இல் சென்னையில் தொடங்கிய ஆங்கில நாளிதழ் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. கைமாறி, வளர்ந்து, இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அதைத் தொடங்கியவர் இராசிபுரத்துக்காரர் என்பதை இராசிபுரத்திலேயே எத்தனை மாணவர்கள் அறிவார்கள்?

புதுப்பாளையத்தில் பத்து இதழ்கள்

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் உள்ள காந்தி ஆசிரமத்தை நாமக்கல் மாவட்டத்தார் அறிவார்கள். 1925 பிப்ரவரி 6 அன்று ராஜாஜி தொடங்கிய அந்த ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் பெரியார். கதர், தீண்டாமை ஒழிப்பு, மருத்துவ உதவி, மதுவிலக்கு ஆகியவை அதன் பணிகள். சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர், பெயர்பெற்ற வழக்கறிஞர், நகரத்தை விட்டு இந்த மேட்டுக்காட்டுக்குக் குடிவந்தார்.

1929 ஆகஸ்டில் இந்தக் கிராமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மாத இதழ் வரத் தொடங்கியது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஓர் இதழ். ஆசிரியர் ராஜாஜி. உதவிக்கு வந்தவர், அதற்கு முன் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் பணியாற்றிய முப்பது வயது இளைஞர் ரா. கிருஷ்ணமூர்த்தி. 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கிதான். ஆசிரமத்திலேயே தங்கி வேலை பார்த்தார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். கள்ளுக்கடைக்குப் போகிறவருக்கு எழுதுவது என்றால் அவர் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அன்றைய கிராமத்தில் எழுத்தறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே இந்த இதழ், ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் இதழாக இருந்தாக வேண்டும். சொல் எளிதாக இருக்க வேண்டும். வாக்கியம் வாய்விட்டுப் படிக்க வர வேண்டும். கேட்பவர் பாதியில் எழுந்து போகாதபடி கதை இருக்க வேண்டும். படிக்கவே தெரியாதவருக்குப் படம் வேண்டும். 'விமோசன'த்தில் கட்டுரைகளோடு கதைகளும் கேலிப்படங்களும் இடம்பெற்றன. அறிவுரையை அறிவுரையாகவே சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புதிய செய்தி அல்ல. கல்கி அதைப் புதுப்பாளையத்தில் மாதந்தோறும் செய்து பார்த்தார்.

பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் விரும்பிப் படித்த அந்த எளிய, சிரிப்பு கலந்த நடையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டால், 'நவசக்தி' என்றும் 'ஆனந்த விகடன்' என்றும் சொல்வார்கள். என் கணிப்பில், படிக்கத் தெரியாதவர்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் புதுப்பாளையத்து மாதங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மதுவிலக்கு இதழ் என்ற அளவில் 'விமோசனம்' சிறிய முயற்சிதான். உரைநடைப் பயிற்சிக்கூடம் என்று பார்த்தால் அதன் மதிப்பு வேறு.

பத்து இதழ்களோடு அது நின்றது. 1930 ஏப்ரலில் உப்பு சத்தியாகிரகம் வந்தது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாடல் வழியெல்லாம் ஒலித்தது, ராஜாஜி கைதானார். கல்கியும் சிறை சென்றார். இதழை எழுதுகிறவர்களே சிறைக்குள் இருக்கும்போது இதழ் எங்கிருந்து வரும்?

கதை அங்கே முடியவில்லை. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாகாணத்தில் அதற்கு முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் சேலம். பத்து இதழ்களால் சட்டம் வந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதழை நடத்தியவரும் ஒருவரே, இரண்டும் நிகழ்ந்த மண்ணும் ஒன்றே. சாராய வருமானம் குறைந்ததை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், வரலாற்றுப் பாடம் பொருளியல் பாடத்துக்குள் நுழைந்துவிடும்.

திரைப்பட நகரமும் காலாண்டிதழும்

சேலம் என்றதும் பெரியவர்கள் நினைவுக்கு வருவது மாடர்ன் தியேட்டர்ஸ். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். படம் எடுத்ததோடு 'சண்டமாருதம்' என்ற பத்திரிகையையும் அது நடத்தியது. அதன் ஆசிரியராகச் சில காலம் இருந்தவர் கண்ணதாசன். பாடலாசிரியராகப் பெயர் பெறும் முன்பு அவர் பத்திரிகைக்காரர் என்பதைத் தமிழாசிரியர்கள் ஒரு வரியாவது சொல்லலாம்.

அதற்கு நேர் எதிரான ஓர் இதழ் 'நடை'. 1968 அக்டோபரில் சேலத்திலிருந்து வந்த காலாண்டிதழ். பின்னணியில் இருந்தவர் கவிஞர் சி. மணி (1936–2009), இயற்பெயர் பழனிச்சாமி, ஆங்கிலப் பேராசிரியர். 'எழுத்து' இதழில் புதுக்கவிதை எழுதிப் பெயர் பெற்றவர். 'நடை' எட்டு இதழ்களே வந்தது. ஆனால் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகம் அதில்தான் வெளியானது. நவீனத் தமிழ் நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பின்னாளில் கூத்துப்பட்டறையை உருவாக்கியவர் அவர். ஞானக்கூத்தனின் தொடக்கக் காலக் கவிதைகளுக்கும் 'நடை' இடம் தந்தது. புதுக்கவிதையின் பக்கம் நின்ற அதே இதழ், யாப்பைப் பற்றியும் எழுத வைத்தது, சி. மணி வேறொரு பெயரில் எழுதிய அந்தப் பகுதி பின்னர் 'யாப்பும் கவிதையும்' என நூலாயிற்று. புதுக்கவிதை என்றால் இலக்கணம் தெரியாதவர்கள் எழுதுவது என்று சொல்லும் மாணவருக்கு (சில ஆசிரியர்களுக்கும்) இதைவிட நல்ல பதில் கிடையாது.

பத்து இதழ், எட்டு இதழ் என்று இவை நின்றுபோனதைத் தோல்வி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சந்தாதாரர் குறைவு, விளம்பரம் இல்லை, காகித விலை, நடத்துபவருக்கு வேறு வேலை என்று காரணங்களை அவர்களையே ஊகிக்கச் சொல்லலாம். கணக்கு ஆசிரியர் உதவினால், முந்நூறு பிரதி அச்சிடும் ஒரு கற்பனை இதழுக்கு வரவு செலவு போட்டுப் பார்க்கலாம். நம் பள்ளிகளுக்கு வரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' போன்றவை எப்படி நின்றுபோகாமல் வருகின்றன என்ற கேள்வியும் தானாக எழும்.

வகுப்பில் என்ன செய்யலாம்

பழைய இதழ்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்காது. ஆனால் கோயில் குடமுழுக்கு மலர், சங்க ஆண்டு மலர், பள்ளிப் பொன்விழா மலர், லாரித் தொழில், கோழிப்பண்ணை, நெசவு பற்றிய தொழில் இதழ்கள் எங்காவது பரணில் கிடக்கும். ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் படத்தையும் தலைப்பையும் விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சக முகவரி. 1867ஆம் ஆண்டுச் சட்டம் இந்த விவரங்களைக் கட்டாயமாக்கியது. 2023இல் பருவ இதழ்களுக்கான புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. யார் எழுதினார்கள் என்று தெரிந்தால் பிடித்துப்போகலாம் என்பதற்காக ஆங்கில அரசு போட்ட விதி, இன்று நமக்கு வரலாற்றுச் சான்றாகிறது. அந்த முகவரிகளை ஊர் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்தால், அச்சகங்கள் ஏன் கடைவீதி, நீதிமன்றம், பேருந்து நிலையம் பக்கம் கூடியிருந்தன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சடித்தவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை எட்டாம் வகுப்புக்கு அழைத்து வந்தேன். அறுபதைக் கடந்தவர். எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் படிக்கும் வித்தையைக் காட்டினார். 'ணை', 'லை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களைப் பலகையில் எழுதி, எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தன் அறைப்பெட்டியில் சில எழுத்துகள் வேலையில்லாமல் போனதைச் சொன்னார். தமிழ் இலக்கண வகுப்பில் ஒருநாளும் கேள்வி கேட்காத மாணவி அன்று மூன்று கேள்விகள் கேட்டாள்.

மேலும் தேட விரும்பும் ஆசிரியர்களுக்கு: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பருவ இதழ்கள் பல இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் மறைமலையடிகள் நூலகமும் உள்ளன. சேலத்துக்காரர்கள் முதலில் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம். அதைவிட முக்கியமாக, பழைய பேப்பர் கடையில் சொல்லிவைக்கலாம். ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டைக் காலி செய்யும் நாளில் நாற்பது ஆண்டு இதழ்கள் எடைக்குப் போய்விடுகின்றன.

கிடைத்த தாள் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அந்தப் பசை சில ஆண்டுகளில் பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம். வெயில் நேராக விழாத சன்னல் ஓரத்தில் வைத்து, முகப்பு, பொருளடக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, உரியவரின் அனுமதியோடு, இதழின் பெயர், மாதம், ஆண்டு, கிடைத்த ஊர் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிச் சேமியுங்கள். தாளை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.